நீலக் கொம்புக்குப் பாயிண்ட் பார்த்தவர்

எதைக் கண்டும் அதிர்ச்சி அடையாத ஆள் நான். பக்கத்தில் இடி விழுந்தாலும் கையில் இருக்கிற டீயைச் சிந்தாமல் குடித்து முடிப்பேன். சரி, பொய். போன வாரம் குக்கர் விசிலடித்ததற்கே பெஞ்சிலிருந்து கீழே விழுந்தேன். என் மனைவி சாட்சி. ஆனால் இடியும் குக்கரும் சேர்ந்து வந்தாலும் புகையண்ணன் என்கிற ஒற்றை மனிதர் என்னைத் தூக்கிவாரிப் போட்டதில் பாதிகூட ஆகாது. அவரைத் தெரிந்த நாளிலிருந்து நான் திறந்த வாயை மூடவே இல்லை.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். தொழில், பாயிண்ட் பார்ப்பது. அதாவது விவசாயக் காட்டில் எந்த இடத்தில் போர் போட்டால் தண்ணீர் வரும் என்று சொல்வது. உள்ளங்கையில் ஒரு தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு மெதுவாக நடப்பார். நீரோட்டம் இருக்கிற இடம் வந்தால் தேங்காய் எழுந்து நிற்கும். அங்கே ஒரு கல்லை நட்டு, கற்பூரம் கொளுத்தி, மறுநாள் ரிக் வண்டியைக் கொண்டுவந்து ஓட்டை போட வேண்டியதுதான். எங்கள் பக்கம் பாயிண்ட் பார்க்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் செய்வார்கள்.

இவரிடம் ஒரே ஒரு வித்தியாசம். இவர் காட்டிய இடத்தில் தண்ணீர் வராது, புகைதான் வரும். பாறை அரைபட்டு வெள்ளைப் புழுதி குபுகுபுவென்று தென்னை உயரத்துக்குக் கிளம்பும். அந்தக் காட்டுக்காரர் தலை முதல் கால் வரை வெள்ளையாகி வீட்டுக்குப் போனால், அவருடைய நாயே அவரைக் கடிக்க வரும்.

இவ்வளவு புகைக்குப் பிறகும் அவரை ஏன் கூப்பிட்டார்கள் என்று கேட்பீர்கள். எங்கள் ஆட்களுக்குத்தான் மூளை இருக்கிறதே! "ஏனுங்கண்ணா, எங்க காட்டுல எங்கெ போர் போடலாமுங்க?" என்று பயபக்தியோடு கேட்பார்கள். அண்ணன் தேங்காயோடு அரை நாள் நடந்து ஒரு மூலையைக் காட்டுவார். காபித் தண்ணி கொடுத்து அனுப்பி வைப்பார்கள். மறுநாள் நேர் எதிர் மூலையில் ரிக் நிற்கும்.

இது தெரியாதவர் அல்ல அவர். ஒருநாள் மொபெட்டை நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டார்: "என்ற கைக்கு ராசியே இல்லைங்கறாங்க சாமி. தேங்கா எந்திரிச்சு நிக்குதல்லோ, அது பொய்யா?"

தேங்காய் நிற்பதை நானும் பார்த்திருக்கிறேன். தண்ணீர் நிற்பதைத்தான் பார்த்ததில்லை. அதை எப்படிச் சொல்வது? டீ வாங்கிக் கொடுத்தேன்.

நான் திருச்செங்கோட்டுக்கு வெளியே ரிக் வண்டிகளுக்கு வெல்டிங் வைக்கிற பட்டறையில் இருக்கிறவன். எட்டாம் வகுப்பை நான் விடவில்லை, அதுதான் என்னை விட்டது. வடக்கே போன ரிக்குகள் எல்லாம் மழைக்காலத்தில் எங்களிடம் சர்வீஸுக்கு வந்து நிற்கும். வந்த பையன்கள் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு போனில் கேம் ஆடுவார்கள். நானும் ஆடுவேன், முதலாளி சேலம் போன நேரமாகப் பார்த்து.

அந்த கேம் இப்படி. ஒரு குகை. அதில் ஓர் ஒற்றைக்கண் ராட்சசன். அடித்தால் செத்து விழுவான், விழும்போது எதையாவது கீழே போடுவான். ஓட்டைச் சட்டி போடுவான், பிய்ந்த செருப்பு போடுவான், எலும்புத் துண்டு போடுவான். பிறகு எழுந்து நிற்பான். மறுபடி அடிக்க வேண்டும். லட்சத்தில் ஒருவனுக்கு நீலக் கொம்பு போடுவானாம். எங்கள் பட்டறையில் செருப்புக் கடை வைக்கிற அளவுக்குச் செருப்பு சேர்ந்துவிட்டது. கொம்பை ஒருவனும் கண்ணால் பார்த்ததில்லை.

இதில்தான் எனக்கும் செல்வாவுக்கும் தினமும் சண்டை. செல்வா ரிக்கில் கம்ப்ரஸர் ஓட்டுகிறவன். அந்தச் சத்தத்திலேயே வாழ்ந்ததால் சாதாரணமாகப் பேசினாலும் சந்தையில் ஏலம் விடுகிற மாதிரி இருக்கும்.

"இதுல சவால் எங்கடா இருக்குது?" என்பான். "வித்தைக்காரன் அடிச்சாலும் அதே செருப்பு, கண்ணு தெரியாதவன் அடிச்சாலும் அதே செருப்பு. வந்தா வருது, வராட்டி போவுது. பஸ்ஸுக்கு நிக்கறவனுக்கெல்லாம் மெடல் குடுப்பியா நீயி?"

"எங்கூரு பஸ்ஸுக்கு நின்னா குடுக்கலாம்டா."

"வெளையாடாத. நெம்ப நேரம் ஆவறது வேற, கஷ்டம் வேற."

"லேசுல கெடச்சா அதுக்கு என்னடா மதிப்பு? கெடைக்க மாட்டீங்குதல்ல, அதான் சவால்."

"அப்ப எட்டாவதுலயே நீ வருசக்கணக்கா உக்காந்திருந்தியே, அது என்ன ஐஏஎஸ் பரிச்சையா?"

எனக்கு அது ஐஏஎஸ் மாதிரிதான் இருந்தது. ஆனால் சபையில் சொல்ல முடியுமா?

அன்றைக்கு டீ குடிக்க வந்திருந்த புகையண்ணன் இதையெல்லாம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப அதுல வேலை செய்யறது முழுக்க ராசி மட்டுந்தானா கண்ணு?"

"முழுக்க ராசிதானுங்கண்ணா. கைவேலை ஒண்ணுங் கெடையாது" என்றான் செல்வா.

அண்ணன் முகத்தில் டியூப் லைட் போட்ட மாதிரி வெளிச்சம். அந்த வெளிச்சம் வந்தால் எங்கேயோ புகை வரப்போகிறது என்று அர்த்தம்.

"பூமின்னா பாறை குறுக்க வரும், மழை பேயாது, ரிக்குக்காரன் பாயிண்ட்டத் தள்ளிப் போடுவான். எல்லாப் பழியும் என்ற மேல. இங்க அந்தச் சோலியே இல்ல. ராசி இருந்தா கொம்பு, இல்லாட்டிச் செருப்பு. ஆடிப் பெருக்குக்குள்ள இந்தக் கையி கொம்ப எடுக்குதான்னு பாத்துப்போடறேன். எடுக்கல, மோகனூரு காவேரில தேங்காய உட்டுப்போட்டு, மச்சான் கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போயர்றேன். பாயிண்ட்டே பாக்க மாட்டேன்."

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. வாழ்நாள் முழுக்கச் சுமந்த கேள்விக்குப் பதில் சொல்ல அந்த ஒற்றைக்கண்ணனை நியமித்துவிட்டார்.

மறுநாளிலிருந்து பட்டறை கோயிலாகிவிட்டது. குளித்துவிட்டு வந்து போனுக்குக் கற்பூரம் காட்டுவார். ராகு காலத்தில் ராட்சசனைத் தொடமாட்டார். "சனி மூலையிலதான் தம்பி ஊத்து இருக்கும்" என்று தன் வீரனைக் குகையின் வடகிழக்கு மூலைக்கே ஓட்டிக்கொண்டு போவார். வீரன் சுவரில் முட்டிக்கொண்டே நிற்பான். ராட்சசன் பின்னாலிருந்து சாவகாசமாக அடிப்பான். நான் பார்த்தவரைக்கும் அந்த கேமில் ராட்சசனுக்கு நிம்மதியாக வேலை கொடுத்த ஒரே ஆட்டக்காரர் அவர்தான்.

செருப்பு, சட்டி, செருப்பு, எலும்பு. ஆடி பிறந்து பத்து நாள் தாண்டிவிட்டது. அண்ணன் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. மொபெட்டில் பாயிண்ட் தேங்காயைப் போடுகிற பையைக்கூட எடுத்துவர மறக்க ஆரம்பித்தார். கோழிப்பண்ணை மச்சான் வேறு தினமும் போன் பண்ணி, "எப்ப வாரீங்க மாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பெருக்குக்கு நாலு நாள்தான் இருக்கும்போது, நல்ல வெயிலில் வந்து நின்று சொன்னார்:

"இத்தன நாளு பாயிண்ட்டே பாக்காமெ அடிச்சிருக்கறன் பாரு, எம்புட்டுப் பெரிய தப்பு! தம்பி, உன்ற போனக் குடு."

"ஏனுங்கண்ணா, உங்க போனு?"

"அது சின்னது. ஓட்டம் தெரியாது."

என் போன் புத்தம் புதுசு. மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட நான் உரிக்கவில்லை. அதை வாங்கித் தரையில் வைத்தார். திரையில் குகையின் படம். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு போனைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். ரிக் பையன்கள் அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டு வட்டம் கட்டினார்கள். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. திரையின் வலது கீழ் மூலைக்கு நேராக வந்ததும், சத்தியமாகச் சொல்கிறேன், தேங்காய் எழுந்து நின்றது.

"பாத்தீங்களாடா! பாத்தீங்களாடா!" என்று அண்ணன் குதித்தார்.

குதித்தால் கையில் தேங்காய் நிற்குமா? விழுந்தது. நேராக, துல்லியமாக, அவர் பாயிண்ட் பார்த்த அதே மூலையில்.

சத்தம் பெரிதாக இல்லை. 'டிக்' என்றது. எனக்குள்தான் ஒரு கட்டடமே இடிந்தது. தேங்காயில் ஒரு கீறல் இல்லை. என் போனில் சிலந்தி வலை.

செல்வா குனிந்து பார்த்துவிட்டு, "புகை வரல, பரவால்லீங்கண்ணா" என்றான்.

அன்றிலிருந்து அந்தப் போனுக்குப் பேய் பிடித்துவிட்டது. தொடாமலேயே தானாக வேலை செய்யும். விரிசல் விழுந்த மூலையில் யாரோ விரல் வைத்துத் தட்டுகிற மாதிரி டப்டப்பென்று தட்டிக்கொண்டே இருக்கும். ஒருமுறை தானாக என் மாமியாருக்குப் போன் போட்டுவிட்டது. அவர் ஆசையாக "சொல்லுங்க மாப்ள" என்றிருக்கிறார். பட்டறையில் நான் யாரையோ திட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கதையை இங்கே எழுத முடியாது.

பெருக்குக்கு முதல் நாள். மத்தியானம். கேம் திறந்தபடியே போனை டூல்ஸ் பெட்டி மேல் போட்டுவிட்டுச் சாப்பாட்டுப் போசியைத் திறந்தேன். ஒரு வாய்கூட வைத்திருக்கமாட்டேன். "அய்யோ!" என்று செல்வா அலறினான். கம்ப்ரஸர் வெடித்துவிட்டது என்று நினைத்து நான் போசியோடு ரிக்குக்கு அடியில் பாய்ந்தேன்.

வெடிக்கவில்லை. போன் தன்பாட்டுக்கு ராட்சசனை அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. விரிசல் விழுந்த மூலையில்தான் அடிக்கிற பட்டன். ராட்சசன் மல்லாந்து கிடந்தான். அவன் பக்கத்தில், சிலந்தி வலைக்கு நடுவே, நீலமாக, தகதகவென்று, கொம்பு!

ரசம் என் சட்டையில் வழிந்துகொண்டிருந்தது. பிறகு ரிக் பையன் ஒருவன் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனைக் கும்பிட்டான்.

செல்வாவுக்குத்தான் முதலில் குரல் வந்தது. "நாஞ் சொன்னனல்லடா! கையே வேண்டாம், ஆளே வேண்டாம். ஒடஞ்ச போனுக்கு உழுகுது. இதுக்குப் பேரு சவாலா?"

என்னைவிட என் போன் கெட்டிக்காரத்தனமாக ஆடியிருக்கிறதே என்ற அதிர்ச்சியே இன்னும் தீரவில்லை.

அண்ணனுக்குச் சொல்லியனுப்பினோம். மொபெட்டில் பறந்து வந்தார். குதித்தாடப்போகிறார், எங்களையெல்லாம் கட்டிப்பிடிக்கப்போகிறார் என்று நினைத்து நான் ரசச் சட்டையைக்கூட மாற்றி வைத்திருந்தேன். அவர் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாரு அடிச்சது?"

"யாருமே அடிக்கலீங்கண்ணா. நீங்க தேங்கா போட்ட மூலைதானுங்க. உங்க பாயிண்ட்டுதானுங்க!"

பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"கைய வெக்காமெ வந்தது எப்படிச் சாமி என்ற ராசியாவும்?" என்றார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப, காட்டுல தண்ணி வராமெப் போனதும் என்ற கை இல்லையா?"

இதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. செல்வா முதல்முறையாக மெதுவான குரலில் பேசினான்: "இல்லீங்கண்ணா. எப்பவுமே இல்லீங்க."

அண்ணன் சிரித்தார் பாருங்கள்! அத்தனை வருசத்துப் புழுதியையும் உதறிவிட்ட மாதிரி ஒரு சிரிப்பு. அப்பாடா என்று நானும் சிரிக்க வாயைத் திறந்தேன். உடனே அடுத்த குண்டைப் போட்டார்.

"அப்ப முடிஞ்சுது சோலி. கைக்கும் தண்ணிக்கும் சம்மந்தமே இல்லைன்னா, நான் எதுக்குத் தேங்காயத் தூக்கிட்டு ஊரு ஊராத் திரியோணும்? நாளைக்கு மோகனூருல உட்டர்றேன்."

கொம்பு வரவில்லை என்றால் விடுகிறேன் என்றவர், வந்தபிறகும் விடுகிறேன் என்கிறார்! முட்டைத் தட்டைத் தூக்கிக்கொண்டு கோழிகளுக்கு நடுவில் நடக்கிற புகையண்ணன் கண்ணுக்குள் வந்தார். அவருக்கு அது சரிப்படாது. கோழிகளுக்கும் சரிப்படாது. நான் யோசிக்காமல் வாயை விட்டேன். யோசித்துப் பேசுகிற பழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது.

"அண்ணா, மல்லசமுத்திரத்துக்கிட்ட எங்க குச்சிக்கெழங்குக் காடு காயுதுங்க. ஒரு பாயிண்ட் பாத்துக் குடுங்க."

"கிறுக்கா உனக்கு? கைல ஒண்ணுமில்லைன்னு இப்பத்தான பேசி முடிச்சோம்?"

"யாரு கையி காட்டுனாலும் ஒண்ணுதான்னு ஆயிப்போச்சல்லங்க. அப்பறம் ஊரான் கை எதுக்குங்க? உங்க கையே இருக்கட்டும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தேங்காயை ஆற்றில் விடவில்லை.

வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி அடைந்த அதிர்ச்சிக்கு முன்னால் என்னுடையதெல்லாம் ஒன்றுமே இல்லை. ராசிபுரத்திலிருந்து கை தப்பாத ஒரு பாயிண்ட்காரரை அவள் ஏற்கெனவே வரச் சொல்லியிருந்தாள். "இருக்கற ஒரே காட்டையும் புகையாக்கப் போறீங்களா?" என்றாள். மரவள்ளிக் கிழங்கு வாடிக்கொண்டிருந்தது. அவள் கேட்டதில் தப்பே இல்லை. ஆனாலும் ராசிபுரத்துக்காரருக்குப் பதிலாக அண்ணன் வந்தார். தேங்காயோடு நடந்தார். தேங்காய் நின்றது. எதிர் மூலையில் போடலாம் என்று செல்வாகூட என் காதில் சொன்னான். அண்ணன் நட்ட கல்லுக்கு நேராகத்தான் ரிக்கை நிறுத்தினோம்.

இதை வரப்பில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். காலையிலிருந்து துளை போடுகிற ராடு இறங்கிக்கொண்டிருக்கிறது. செல்வா கம்ப்ரஸர் பக்கம் நிற்கிறான். புகையண்ணன் ரிக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கையையும் அக்குளுக்குள் மறைத்துவைத்து, தூரத்து மலையை முதல்முறையாகப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரைப் பற்றி இன்னும் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. கிணற்றுக்குள் இறங்கி ஏறத் தெரியாமல் அங்கேயே பொங்கல் கொண்டாடிய கதை இருக்கிறதே, அது ஒரு...

"ஏனுங்க! எழுதுனது போதும், ஓடியாங்க!" ரிக் பக்கமிருந்து என் மனைவி கூப்பிடுகிறாள். "ராடுச் சத்தம் மாறுதுங்க, என்னமோ வரப்போவுதுங்க! அண்ணன் கண்ண இறுக்கி மூடிட்டு ஒத்தையா நிக்கறாருங்க!"

என்ன வருகிறதோ வரட்டும். நான் போய் முதலில் அவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.