ஆலங்குடாக் கதவு

கொழும்பில் தலைமையகமும் கரையோரத்தில் ஏழு கிளைகளும் கொண்ட அந்தக் கடலுணவுக் கம்பனி, தன்னை அடியோடு மாற்றிக்கொள்வதென ஏகமனதாகத் தீர்மானித்தது. எதுவாக மாறுவது என்பதைப் பின்னர் தீர்மானிக்கலாம் என்பதும் அதே கூட்டத்தின் தீர்மானம்.

ஆலங்குடாக் கிளையில் நண்டுச் சதை எடுக்கும் நாற்பது பெண்களையும் வட்டமாக இருத்தினார்கள். மாற்ற ஆலோசகர் லவன் ஆளுக்கொரு மஞ்சள் அட்டை கொடுத்து, "வேலைக்கு என்ன தடை எண்டு பயப்படாமல் எழுதுங்கோ" என்றார். முப்பத்தொன்பது பேர் "ஒன்றுமில்லை" என்று எழுதினார்கள். அடுத்த மாதமும் வேலை வேண்டுமே. முனவ்வரா மட்டும் உள்ளதை எழுதிவிட்டாள்: "பெண்கள் கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை."

பதினொரு வருடமாக இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடிக்க வேண்டும். ஆலங்குடாக் காற்றோ, வெள்ளைக்காரர் பட்டத்தில் தொங்கிக் கடல்மேல் பாய்வதற்கென்றே தேடி வருகிற காற்று. பிடிப்பவள் தும்மினால் உள்ளே இருப்பவளின் மானம் போகும்.

"நாலு திருகாணி போதும் சேர். இண்டைக்கே போடலாம்" என்றாள் முனவ்வரா.

"அப்பிடிப் பாயக் கூடாது. திட்டத்தில ஆறு கட்டம் இருக்கு."

"தாழ்ப்பாள் எத்தினையாம் கட்டத்தில வரும்?"

"அதைக் கண்டுபிடிக்கிறதுதான் முதலாம் கட்டம்."

கணக்குப் பகுதி, ஏற்றுமதிப் பகுதி, குளிர் அறை என்று பகுதிக்கொருவர் சேர்ந்து 'தாழ்ப்பாள் வட்டம்' அமைந்தது. மூன்று மாதம், கண்ணியமான தூரத்தில் நின்று, அந்தக் கதவை ஆராய்ந்தார்கள். பக்கத்தில் இருந்து நண்டு உடைக்கும் சுல்பா பிடிக்க முனவ்வரா போவதையும், முனவ்வரா பிடிக்க சுல்பா போவதையும் கண்ட லவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மேலதிகாரி இல்லை, கட்டளை இல்லை, ஒருத்தியில ஒருத்திக்கு எவ்வளவு நம்பிக்கை! இந்த ஒருங்கிணைப்பைத்தானே நாங்கள் ஏழு கிளையிலும் தேடினது!"

"நம்பிக்கை இல்ல சேர், தாழ்ப்பாள்தான் இல்ல."

முனவ்வராவின் இந்தப் பதில் தன்னடக்கம் என்று பதிவு செய்யப்பட்டது.

தாழ்ப்பாள் பொருத்துவது ஊழியரிடையே பிரிவினையை உண்டாக்கும் என அறிக்கை முடிவு கூறியது. தலைமையகம் ஒருபடி மேலே போய்த் தன் தாழ்ப்பாள்களையும் கழற்றியது. பணிப்பாளர்கள் இருவர் இருவராகப் போய்வரத் தொடங்கினார்கள். முறையைத் தோற்றுவித்த முனவ்வரா 'கதவு ஒருங்கிணைப்பாளர்' ஆனாள். மின்விசிறிக்குக் கீழே சுழலும் கதிரை, கழுத்தில் பதவி அட்டை. நண்டு ஓடு விரலைக் கிழிக்கும் வேலை முடிந்தது. கழற்றிய தாழ்ப்பாள்கள் முப்பத்தெட்டும் பெட்டியில் வந்து அவளுடைய பொறுப்பில் சேர்ந்தன.

அன்றே சுல்பா ஓடிவந்தாள். "ராத்தா, அல்லாஹ்வுக்காக அதில ஒண்டைத் தாங்க. நானே பொருத்திக்கொள்றன்."

முனவ்வரா பெட்டியைப் பார்த்தாள். ஆறிவரும் தன் விரல்களையும் பார்த்தாள்.

"தந்திட்டு? கதவு தானாப் பூட்டினா நான் என்னத்தை ஒருங்கிணைக்கிற? நாளைக்குத் திரும்பப் போய் நண்டு உடைக்கவா?"

சுல்பா வாசலில் நின்றபடி மின்விசிறியையும் சுழலும் கதிரையையும் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"துணை ஒருங்கிணைப்பாளர் எண்டு ஒரு வேலை போட மாட்டாங்களா ராத்தா?"