நாவலப்பிட்டியில் எடுத்த விக்கல்

விக்கல் எடுக்கும் ஒருவனைச் சுற்றி நான்கு பேர் இருந்தால், அங்கே ஐந்து வைத்தியர்கள் இருப்பார்கள். ஐந்தாமவர் பக்கத்து வீட்டு ஜன்னலில் நிற்பவர். காய்ச்சல் என்றால் டிஸ்பென்சரிக்குப் போ என்பார்கள். பல்வலி என்றால் பல் டாக்டரைப் பார் என்பார்கள். விக்கலுக்கு மட்டும் யாரும் யாரையும் எங்கும் அனுப்புவதில்லை, தாங்களே பார்த்து முடித்துவிடுவார்கள், சில வேளை ஆளையும் சேர்த்து. என் விஷயத்தில் அவர்கள்மீது பழி போட வழியில்லை. அவர்கள் குணப்படுத்தத்தான் பார்த்தார்கள். என்னை முடித்துக்கொண்டவன் நானேதான்.

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. கண்டியில் ஒரு கந்தோரில் கிளார்க். 'கிளார்க்' என்று சொல்லும்போது நான் நெஞ்சை நிமிர்த்துவேன், 'நிரந்தரமா?' என்று யாராவது கேட்டால் அதே நெஞ்சு உள்ளே போய்விடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுக் கடுதாசி கொடுத்தால்தான் எனக்கு வேலை. கொடுக்காவிட்டால் வீட்டில் அம்மாவுக்குத் தேங்காய் துருவும் வேலை.

இந்த லட்சணத்தில் எனக்குக் காதல் வேறு. கந்தோர் அலுவலாக நாவலப்பிட்டிக்குப் போன ஒருநாள், கடைத்தெருவில் ஒரு சாமான் கடைக்குள் நுழைந்தேன். முதலாளியின் மகள் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "என்ன வேணும்?" என்றாள். என்ன வேணும் என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வாயிலிருந்து வந்தது "ஒரு சவர்க்காரம்." அதற்குப் பிறகு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் கண்டியிலிருந்து ரயிலேறிப் போய்ச் சவர்க்காரம் வாங்கினேன். (கண்டியில் சவர்க்காரம் கிடைக்காதா என்று கேட்காதீர்கள்.) அந்த வருடம் எங்கள் வீட்டில் எல்லோரும் மிகவும் சுத்தமாக இருந்தோம்.

அம்மாவிடம் சொல்லத் தைரியம் இல்லை. தரகர் முத்தையாவைப் பிடித்து, அவரே தேடிக் கண்டுபிடித்த இடம்போல அந்தச் சம்பந்தத்தை அம்மாவிடம் கொண்டுவரச் சொன்னேன். அவர் கொண்டுவந்தார். கூடவே என்னைப் பற்றி அந்த வீட்டில் பல விஷயங்கள் சொல்லி வைத்தார். அவற்றில் என் பெயர் மட்டும் உண்மை.

பெண் பார்க்கப் போனோம். நான், அம்மா, தரகர். முன்னறையில் வரிசையாகக் கதிரைகள். எதிரே பெண்ணின் அப்பாவும் அம்மாவும். மூலையில் கையைக் கட்டிக்கொண்டு பெண்ணின் தாய்மாமன். அவர் ரயில்வே கார்ட். ஒரு விசிலில் முழு ரயிலையும் நிறுத்திப் பழகியவர், நாங்கள் வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் பாதி லட்டை வாய்க்குள் தள்ளிய நேரம் பார்த்து முதலாளி கேட்டார்: "தம்பிக்கு வேல பெர்மனன்ட்தானே?"

"பென்சன் உள்ள வேலங்க ஐயா!" என்றார் தரகர், எனக்கு முந்திக்கொண்டு.

அவசரமாக விழுங்கினால் விக்கல் வரும், சூடாகக் குடித்தால் வரும், மனம் பதறினாலும் வரும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசை வெட்டி இழுக்குமாம். நான் கெட்டிக்காரன். மூன்றையும் ஒரே மூச்சில் செய்தேன். லட்டு மெல்லப்படாமல் உள்ளே போயிற்று, அதன் பின்னால் கொதிக்கிற தேத்தண்ணி போயிற்று, அதன் பின்னால் 'பென்சன்' என்ற வார்த்தை போயிற்று.

"ஹிக்!"

கதிரைக்குக் கீழே படுத்திருந்த பூனை எழுந்து வெளியே போய்விட்டது.

"ஐயோ, சீனி குடுங்க, ஒரு கரண்டி சீனி!" என்று பெண்ணின் அம்மா ஓடினார். சீனியை நாக்கில் வைத்து உறிஞ்சினேன். இனிப்பான விக்கல் வந்தது.

"மூச்சப் புடிங்க தம்பி, புடிங்க... விடாதீங்க!" என்றார் முதலாளி. பிடித்தேன். முகம் பீட்ரூட் நிறத்துக்கு வந்தபோது விக்கல் மூக்கு வழியாக வந்தது.

"மூக்கப் பொத்திக்கிட்டு ஏழு மொடக்கு தண்ணி குடிச்சா சரியாகும்," என்றார் தரகர். ஐந்தாவது மடக்கில் தண்ணீர் முழுவதும் அவருடைய வேட்டியில் இருந்தது. (அன்றைக்கு நடந்தவற்றில் நியாயமானது அது ஒன்றுதான்.)

அம்மாவுக்குத் தன் மகனின் மானத்தை ஆன்மிக வழியில் காப்பாற்ற ஆசை. "யாரோ நெனைக்கிறாங்க. பேரச் சொன்னா நின்னுரும். மாத்தளை அக்கா நெனைப்பா... ஹட்டன் சித்தி... கம்பளை மச்சான்..." என்று மலையகம் முழுக்கச் சுற்றி வந்தார். உயிரோடு இருப்பவர்கள் முடிந்து, செத்துப்போன சித்தப்பாவிடம் வந்தபோதும் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு ஜன்னலில் ஒரு தலை: "கொத்தமல்லி அவிச்சுக் குடுங்கக்கா!"

இந்த நேரத்தில்தான் அவள் வந்தாள். சாந்தி. கையில் இரண்டாவது சுற்றுத் தேத்தண்ணித் தட்டு. நான் எழுந்து வணக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். "வண... ஹிக்." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தட்டைப் பார்த்தாள். தட்டில் இருந்த கோப்பைகள் நடுங்கின. சிரிப்பை அடக்குகிறாள் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு நான் நினைத்தது, பயந்துவிட்டாள், எனக்கு ஏதோ நோய் என்று நினைத்துவிட்டாள், இந்தச் சம்பந்தம் போச்சு. ஐந்து சவர்க்காரமும் வீண்.

அப்போதுதான் மூலையிலிருந்து கார்ட் எழுந்தார். நேராக என் முன்னால் வந்து நின்றார். என் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார்.

"போதும் தம்பி நடிப்பு! ஒங்க வண்டவாளம் முழுக்க எங்களுக்குத் தெரிஞ்சு போச்சு! நீங்களே சொல்றீங்களா, இல்ல நான் சொல்லட்டா?"

கொஞ்சம் மூளை உள்ளவன் என்றால் 'என்ன தெரிஞ்சு போச்சு?' என்று கேட்டிருப்பான். கொஞ்சம் முதுகெலும்பு உள்ளவன் என்றால் சும்மாவாவது இருந்திருப்பான். நான் கதிரையிலிருந்து துள்ளி எழுந்தேன்.

"பெர்மனன்ட் இல்ல மாமா! கெஷுவல்தான்! மூணு மாசத்துக்கு ஒருக்கா கடுதாசி குடுப்பாங்க!"

அறை அமைதியானது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த அமைதியை 'இன்னும் சொல்லு' என்று எடுத்துக்கொண்டேன்.

"வயசு இருவத்தெட்டு இல்ல, முப்பத்தொண்ணு. தரகர்தான் கொறைச்சாரு."

தரகர் கூரையில் எதையோ தேட ஆரம்பித்தார்.

"கையில கட்டியிருக்கிற இந்த மணிக்கூடு எங்க கந்தோர் பியூனோடது. சப்பாத்து அண்ணனோடது, கால் கடிக்குது. போட்டோவுல இருக்கிற கோட்டு ஸ்டூடியோக்காரனோடது. சிகரட் குடிப்பேன் மாமா. ஒரு நாளைக்கு ரெண்டு." கார்டின் விரல் இன்னும் இறங்கவில்லை. "நாலு."

"டேய், வாய மூடுடா!" என்று அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது மாமா! நான்தான் தரகரப் புடிச்சு இந்த எடத்தக் கொண்டுவரச் சொன்னேன். இங்க வந்து சவர்க்காரம் வாங்கினதெல்லாம் இவங்களப் பாக்கத்தான்!"

அம்மாவின் கை சட்டையை விட்டது. முதலாளி வாய் திறந்தபடி இருந்தார். கார்ட் மட்டும் மெதுவாக விரலை மடக்கி, மிகவும் இரக்கமான குரலில் சொன்னார்:

"தம்பி... நான் விக்கலுக்குச் சொன்னேன்."

எங்கள் ஆட்களிடம் எப்போதும் உள்ள வைத்தியம் அது. விக்குகிறவனிடம் திடீரென்று 'சீனி டின்னுல கை வச்சது நீதானே?' என்று ஒரு பொய்க்குற்றம் சாட்டினால், திடுக்கிட்ட வேகத்தில் விக்கல் நின்றுவிடும். எனக்கே சின்ன வயதில் எத்தனை தடவை செய்திருக்கிறார்கள். தங்கச்சிக்கு நான் செய்திருக்கிறேன். அவள் ஐந்து வயதில் "போடா, நான் எடுக்கல" என்றாள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இருந்த நிதானம் முப்பத்தொரு வயது மடையனுக்கு இல்லை.

விக்கல் நின்றுபோயிருந்தது. அதைப் பாராட்ட அங்கே ஆளில்லை.

முதலாளி எழுந்து தோளில் துண்டைப் போட்டார். "சரி. நீங்க போயிட்டு வாங்க." அந்தக் குரலில் போவது மட்டும்தான் இருந்தது, வருவது இல்லை. அம்மா செருப்பைத் தேடினார். தரகர் ஏற்கனவே கேட்டைத் தாண்டியிருந்தார்.

"அப்பா, ஒரு நிமிசம்," என்றாள் சாந்தி. இன்னும் தட்டைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். "இதுக்கு முன்னால நாலு பேரு வந்தாங்கதானே? அவங்களும் பெர்மனன்ட்டு, ஒரு பழக்கமும் இல்லன்னுதான் சொன்னாங்க. அவங்களுக்கு விக்கல் எடுக்கல, அவ்வளவுதான்."

"அதுக்கு?"

"இவரு ஒரு சத்தத்துக்கே எல்லாத்தையும் கொட்டிட்டாரு. பின்னால விசாரிக்கிற வேல மிச்சம்." என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். "சரியான பயந்தாங்கொள்ளி. அது நல்லாவே தெரியுது."

கார்ட்தான் முதலில் சிரித்தார். அவர் சிரித்தால் பிளாட்ஃபாரம் அதிரும். முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. "பெர்மனன்ட் கடுதாசி கைக்கு வரட்டும், பொறகு பேசலாம்," என்றார். கடுதாசி வர ஒன்றரை வருடம் ஆயிற்று. அதைக் காட்டப் போனபோது அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முத்திரையைச் சோதித்தார். கல்யாணம் நடந்தது. சாந்தி சொன்னது முழுக்கச் சரி: இத்தனை வருடத்தில் அவள் என்னை விசாரித்ததே இல்லை. என்னை நோக்கித் திரும்பினாலே போதும்.

இதனால் வீட்டில் யாரும் என்னிடம் எதையும் சொல்வதில்லை. போன மாதம் எங்கள் மகளுக்கு ஒரு இடம் பார்க்கக் குண்டசாலையிலிருந்து தெல்தெனியவுக்குப் போனோம். மாப்பிள்ளை வீட்டுத் தெருமுனையில் சாந்தி திரீவீலரை நிறுத்தச் சொன்னாள்.

"நீங்க இறங்க வேணாம். இங்கயே இருங்க. நாங்க பேசிட்டு வாறோம்."

"பொண்ணோட அப்பாவே இல்லாம எப்பிடி?"

"காய்ச்சல்னு சொல்லிக்கிறேன்."

அவர்கள் திரும்பி வர முக்கால் மணி நேரம். டிரைவர் ஒரு சிங்களப் பையன். ஸ்டியரிங்கில் கை வைத்தபடி என்னைக் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தான். பார்த்தான், அவ்வளவுதான். மகள் கணக்குப் பாடத்தில் இரண்டு தடவை கோட்டை விட்டது, அவளுக்குச் சோறு வடிக்கத் தெரியாதது, எனக்குக் காய்ச்சலே இல்லை என்பது, ஜாதகத்தில் சாந்தி செய்த சின்னத் திருத்தம், எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

பையன் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தான்.

"மாத்தயா," என்றான் மரியாதையாக, "நான் ஒண்ணுமே கேக்க இல்லதானே?"