பஸ் ஏறாத ரசிகை

“இந்த வருஷமும் நம்ம ஊர் இல்லீங்க.”

மனைவி போனில் இதைச் சொன்னபோது கண்ணாடிக் கடைக்காரரின் இடது கையில் ஒரு வாடிக்கையாளரின் மூக்குக்கண்ணாடியும் வலது கையில் எறும்புத் தலை அளவு திருகாணி ஒன்றும் இருந்தன. அடுத்த நொடி திருகாணி இல்லை.

“என்ன சார் ஆச்சு?” என்றார் வாடிக்கையாளர். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எதிரில் இருந்தவர் முகம் போன போக்கு தெரியவில்லை.

“நம்ம ஊரை மறுபடியும் விட்டுட்டாங்க.”

“யாரு?”

“ஓட்டைக் குடை.”

வாடிக்கையாளர் வாசல் பக்கம் திரும்பி வானத்தைப் பார்த்தார். மழைக்கான அறிகுறி எதுவும் இல்லை.

ஓட்டைக் குடை என்பது ஐந்து பேர் சேர்ந்த ஒரு இசைக்குழு. வருஷத்துக்கு ஒருமுறை ஏழு ஊர்களில் கச்சேரி வைப்பார்கள். அந்த ஏழில் இந்த ஊர் ஒருமுறைகூட வந்ததில்லை. ஆனால் அவர்களுக்கு இந்த ஊரில் ரசிகர் மன்றம் இருந்தது. மன்றத்துக்கு ஒரு செயலாளர் இருந்தார். அவர்தான் இப்போது மேஜைக்கடியில் நான்கு காலில் தவழ்ந்து திருகாணி தேடிக்கொண்டிருந்த கண்ணாடிக் கடைக்காரர்.

உண்மையைச் சொன்னால், மன்றத்தின் முதல் ரசிகர் அவர் இல்லை, அவர் மனைவிதான். மனைவி அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். வலியில் துடிக்கிற பெண்களுக்கு ஓட்டைக் குடையின் பாட்டைப் போட்டுவிடுவார். “மூணாவது பாட்டுக்குள்ள குழந்தை வந்துடும்” என்று வார்டில் ஒரு பேச்சே உண்டு. கணவரை ரசிகராக்கியதும் அவர்தான். கல்யாணமான புதிதில், “இந்தப் பாட்டு பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிடுங்க, யோசிச்சு முடிவெடுக்கலாம்” என்று ஹெட்போனைக் காதில் மாட்டினார். பிடித்திருந்தது. பிழைத்தார்.

ஆனால் அந்த அம்மா ஒரு கச்சேரியைக்கூட நேரில் பார்த்ததில்லை. ரத்தத்தைக் கண்டு அசராதவர். பஸ்ஸைக் கண்டால் அவ்வளவுதான். ஏறி உட்கார்ந்து பத்து நிமிஷம் தாங்காது, குடலே வெளியே வந்துவிடும்போல இருக்கும். காரும் அப்படித்தான். கல்யாணம் முடிந்து புகுந்த வீட்டுக்கு நடந்தே வந்தவர் அவர். பூ அலங்காரம் செய்த கார், பின்னால் காலியாக ஊர்ந்து வந்தது.

ஓட்டைக் குடையை எப்படியாவது ஊருக்குக் கொண்டுவந்து, மனைவியை நடத்தியே கூட்டிப்போய் முதல் வரிசையில் உட்கார வைத்துவிட வேண்டும் என்பதுதான் செயலாளரின் ஆசை. வெளியே சொல்லமாட்டார். வெளியே சொல்வது, “நம்ம ஊர் மானப் பிரச்சினை” என்பது.

மானத்தைக் காப்பாற்ற அவர் கையாண்ட வழி ஒன்றே ஒன்று. “நம்ம ஊர்ல ரசிகர்கள் இருக்காங்கன்னே அவங்களுக்குத் தெரியலை. தெரிஞ்சா வந்துடுவாங்க.”

தெரியப்படுத்த, முதல் வருஷம் பதினோரு பேரை ஒரு வேனில் அடைத்துக்கொண்டு மூன்று மணி நேரப் பயணம் போனார். கச்சேரி முடிந்ததும் குழுவின் மேனேஜர் அம்மாவிடம் கடிதம் கொடுத்தார். அடுத்த வருஷம் பட்டியல் வந்தது. அந்த மூன்று மணி நேர ஊரும் பட்டியலிலிருந்து போய், கச்சேரி ஐந்து மணி நேரத் தொலைவுக்குத் தள்ளிப் போயிருந்தது.

“ஆள் பத்தலை” என்றார் செயலாளர். ஒரு முழு பஸ் பிடித்தார். விளம்பரப் பலகை எழுதுகிற மச்சினன், “எங்கள் ஊருக்கு எப்போது?” என்று துணியில் எழுதிக் கொடுத்தான். அதைத் தூக்கிப் பிடித்ததில் பின்னால் நான்கு வரிசைக்கு மேடை தெரியாமல் போய் வாய்த்தகராறு வந்தது. பாடகி அதைப் பார்த்துக் கையசைத்தாள். மூன்றாம் வருஷம் ஏழு மணி நேரம். இரண்டு பஸ், எல்லோருக்கும் மஞ்சள் சட்டை. பாடகி மைக்கிலேயே, “எவ்வளவோ தூரத்திலேர்ந்து வந்திருக்கற மஞ்சள் சட்டைக்காரங்களுக்கு இந்தப் பாட்டு” என்று சொல்லிவிட்டாள். செயலாளர் அழுதே விட்டார்.

ஒவ்வொரு கச்சேரியிலும் மனைவிக்காகப் போனை உயர்த்திப் பிடிப்பார். மறுமுனையில் அவருக்குக் கேட்டதெல்லாம், சுருதியே இல்லாமல் கூடவே பாடுகிற கணவரின் குரல்.

நான்காம் வருஷமான இப்போது, கிட்டத்திலேயே கச்சேரி என்றால் ஒன்பது மணி நேரப் பயணம்.

மறுநாள் கடையின் பின்னறையில், கண் பரிசோதனைப் பலகைக்குக் கீழே, மன்றத்தின் அவசரக் கூட்டம்.

“மாமா, ஒரு சந்தேகம்” என்றான் மச்சினன். “நாம போகப் போக அவங்க தள்ளித் தள்ளிப் போறாங்களே, கவனிச்சீங்களா?”

“தற்செயல்.”

“மூணு தடவையுமா?”

“இத பாருடா. இன்னும் நம்ம அன்பு அவங்களுக்குப் போய்ச் சேரலை. இந்தத் தடவை மறக்க முடியாத மாதிரி எதையாவது செஞ்சு காட்டணும்.”

மன்ற உறுப்பினரான பல் டாக்டர், எல்லோரும் மொட்டை போட்டுக்கொள்ளலாம் என்றார். அவருக்கு ஏற்கெனவே வழுக்கை என்பதால் யாரும் காதில் வாங்கவில்லை. நூறடி நீளத் துணியில் எழுதலாம் என்றான் மச்சினன். துணியைத் தூக்கி ஒரு தடவை பட்டது போதும் என்றார்கள்.

அன்று மாலை மனைவி சீருடையைக்கூட மாற்றாமல் வந்து உட்கார்ந்தார். “நானும் வரேன்.”

“எங்கே?”

“கச்சேரிக்கு.”

செயலாளர் டீயைக் கீழே வைத்தார். “உனக்கென்ன பைத்தியமா? ஆஸ்பத்திரி வாசல்லேர்ந்து மார்க்கெட் வரைக்கும் பஸ்ல தாங்க மாட்டே. இது ஒன்பது மணி நேரம்!”

“ஒன்பது மணி நேரம், பன்னண்டு மணி நேரம்னு வலியில கிடக்கற பொம்பளைங்களுக்கு ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’னு நான்தானே தினம் சொல்றேன்? எனக்கு நானே சொல்லிக்க மாட்டேனா? அவங்க வருவாங்க வருவாங்கன்னு நாலு வருஷம் காத்திருந்தாச்சு. இனிமே நான் போறேன்.”

செயலாளருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. அதே வேகத்தில் மூளையும் வேலை செய்தது. பஸ்ஸே ஏறாத ரசிகை ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் வந்து நின்றால்? அதைவிட மறக்க முடியாதது எது?

“சரி வா” என்றார்.

சனிக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கு, ஐம்பத்திரண்டு மஞ்சள் சட்டைகளோடு பஸ் கிளம்பியது. மனைவி மாத்திரை போட்டிருந்தார். மடியில் வாந்தி எடுக்க இருபது பிளாஸ்டிக் உறை, ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு எனாமல் கிண்ணம், கைநிறையப் புளிப்பு மிட்டாய்.

ஊர் எல்லையைத் தாண்டியதும் முதல் உறை நிரம்பியது.

“முன்னாடி உட்கார வைங்க, ரோட்டைப் பார்த்தா குமட்டாது” என்றது ஒரு குரல். டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டுக்கு மாற்றினார்கள். இப்போது டிரைவருக்குப் பயம் வந்துவிட்டது. கண்ணாடியில் அந்த அம்மாவின் முகம் கோணும்போதெல்லாம் பிரேக்கை மிதித்தார். பிரேக் போடப் போட முகம் இன்னும் கோணியது.

“ஜன்னலைத் திறங்க, காத்து வரட்டும்!”

திறந்தார்கள். முன்னால் போன லாரியின் புகை மொத்தமாக உள்ளே வந்தது. இந்தத் தடவை பல் டாக்டரும் ஒரு உறை கேட்டார். கொட்டாவியைப்போல இதுவும் தொற்றிக்கொள்ளும் விஷயம் என்று அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. காலை எட்டு மணிக்கு இருபது உறையும் தீர்ந்துவிட்டன. கிண்ணத்தை முறை வைத்துப் பயன்படுத்தினார்கள்.

“கவனத்தைத் திருப்பணும். பாடுங்கப்பா!” என்றார் செயலாளர்.

ஐம்பது பேர் ஓட்டைக் குடையின் புகழ்பெற்ற பாட்டைத் தொடங்கினார்கள். முதல் அடி முடிவதற்குள் மனைவி கையை உயர்த்தினார்.

“நிறுத்துங்க! அது எனக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு. இப்பப் பாடினா வாழ்நாள் பூரா அதைக் கேட்கும்போதெல்லாம் குமட்டும்.”

“வேற என்ன பாடட்டும்?”

“எனக்குப் பிடிக்காத பாட்டாப் பாடுங்க.”

ஆக, ஓட்டைக் குடையைத் தவிர யாரையும் கேட்காதவர்கள், தெரிந்தும் தெரியாமலும் மற்றவர்களின் பாட்டாகப் பாடிக்கொண்டு போனார்கள். அதில் மச்சினனுக்கு இரண்டு பாட்டு பிடித்தே போய்விட்டது. வெளியே சொல்லவில்லை.

இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை வண்டி நின்றது. மனைவி இறங்கிச் சாலையோரம் நடப்பார். பஸ் அவர் பின்னாலேயே ஊர்ந்து வரும்.

“திரும்பிடலாம்மா” என்றார் செயலாளர் ஒரு மரத்தடியில். உண்மையிலேயே அவருக்குக் கண் கலங்கியிருந்தது. “எனக்கு ஓட்டைக் குடையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீ இப்படிக் கஷ்டப்படறதைப் பார்க்க முடியலை.”

மனைவி வாயைத் துடைத்துக்கொண்டார். “எவ்ளோ தூரம் வந்திருக்கோம்?”

“பாதிக்கு மேல.”

“அப்போ திரும்பினாலும் இதே கூத்துதானே? ஏறுங்க. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.”

ஒன்பது மணி நேரம் பதினோரு மணி நேரமானது. கச்சேரி நான்கு மணிக்கு. நான்கு அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது அரங்கத்தின் வாசலில் பஸ் நின்றது. ஐம்பத்திரண்டு பேரும் ஓடினார்கள். வெளிறிய பாகற்காய் நிறத்தில் மனைவி எல்லோருக்கும் முன்னால் ஓடினார்.

விளக்கு அணைந்தது. முதல் தாளம் விழுந்தது. அதுவரை கணவர் தோளில் சாய்ந்து நின்ற அந்த அம்மா மெல்ல நிமிர்ந்தார். இரண்டாவது பாட்டில் முகத்துக்கு ரத்தம் வந்தது. மூன்றாவது பாட்டில், பிரசவ வார்டே கைகட்டி நிற்கும் மூத்த நர்ஸ், நாற்காலி மேல் ஏறி நின்று துப்பட்டாவைச் சுழற்றினார்.

செயலாளர் மேடையைப் பார்க்கவில்லை. நாற்காலி விழுந்துவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஒருமுறை கூடவே பாடவில்லை.

கச்சேரி முடிந்தது. வெளியே இன்னும் வெயில் மிச்சமிருந்தது. அரங்கத்தின் பின்புறம் குழுவின் வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். செயலாளர் மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பாடகி முன்னால் நிறுத்தினார்.

“மேடம், மஞ்சள் சட்டை! ஞாபகம் இருக்கா? இது என் மனைவி.”

பாடகி கண்ணை அகல விரித்தாள். “நாலு வருஷமா லெட்டர்ல எழுதுவீங்களே, பஸ் ஏறினா வாந்தி வரும்னு... அவங்களா?”

மனைவி மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினார். “லெட்டர்ல அதையா எழுதினீங்க?”

“அது... சும்மா, ஒரு விவரத்துக்காக...”

“எத்தனை மணி நேரம் வந்தீங்கம்மா?” என்றாள் பாடகி.

“பதினொண்ணு.”

“அய்யோ!” பாடகி அந்த அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் தண்ணீர். “எங்களுக்காகவா? இப்படி யாருமே செஞ்சதில்லைம்மா.” பிறகு மேனேஜர் அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். மேனேஜர் அம்மா கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார், ஒரு பக்கத்தைப் புரட்டினார், சிவப்புப் பேனாவால் நீளமாக ஒரு கோடு போட்டார். நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். இருவரும் கையசைத்துவிட்டு வண்டிக்குள் ஏறிப்போனார்கள்.

தூரப்பார்வைக்கு ஊருக்கே கண்ணாடி போட்டுவிடுகிறவர் அல்லவா செயலாளர்? அவர் கண்ணுக்கு எதுவும் தப்பவில்லை. மச்சினனின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“பார்த்தியாடா? மேல ‘அடுத்த வருஷம்’னு எழுதியிருக்கு. முதல் பேரே நம்ம ஊர்தான்! நம்ம ஊருக்கு அடிக்கோடு போட்டாங்கடா!”

“நிஜமாவா மாமா?”

“என் ரெண்டு கண்ணால பார்த்தேன்!”

மஞ்சள் சட்டைகள் கும்பலாக ஓடிவந்து செயலாளரைத் தூக்கின. பல் டாக்டர் விசிலடித்தார். மனைவி லெட்டர் விஷயத்தைக்கூட மறந்து வாய்விட்டுச் சிரித்தார். “அடுத்த வருஷம் நடந்தே போய் முதல் வரிசை!” என்று மேலே மிதந்தபடி கத்தினார் செயலாளர்.

வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த குழுவின் டிரைவர் துணியை உதறிவிட்டு, இவர்கள் ஆர்ப்பாட்டம் அடங்கட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். அடங்குவதாக இல்லை. கிட்டே வந்தார்.

“சார், தப்பா நினைச்சுக்காதீங்க, அது அடிக்கோடு இல்லை, அடிச்ச கோடு. ‘பாவம், பஸ் ஏற முடியாத அம்மா ஒருத்தங்க அங்க இருக்காங்க, அவங்களுக்காக ஒரு தடவை நாமே போவோம்’னுதான் அடுத்த வருஷம் முதல் கச்சேரியை உங்க ஊர்ல வெச்சிருந்தாங்க, அதான் இப்போ அவங்களே வந்துட்டாங்களே!”