துரை மேசையில் குத்தினால் பாயும் குத்துவார்

இரண்டு பாஷை தெரிந்தவனுக்கு எங்கே போனாலும் வேலை உண்டு என்பார்கள். இரண்டு பாஷை தெரிந்ததாலேயே வேலை போய், வெற்றிலை மென்று துப்புவதற்குள் அதே வேலை திரும்பக் கிடைத்த ஒரே மனிதர் இந்தப் பூமியில் எங்கள் எதிரொலி பாய்தான்.

வெள்ளைக்காரன் காலத்தில் மதுரையில் ஒரு பஞ்சாலையில் நான் குமாஸ்தா. பாய் அங்கே மேனேஜர் துரைக்கு மொழிபெயர்ப்பாளர். ரயில்வே ஸ்டேஷனில் டீ விற்றே இங்கிலீஷ் பிடித்தவர். அவருக்கு முன்னால் இருந்தவர்கள் துரையின் திட்டைச் சர்க்கரை தடவித் தமிழில் கொடுப்பார்கள். பாய்க்கு அந்த வித்தை ஆகாது. துரை கத்தினால் இவரும் கத்துவார். துரைக்கு இருமல் வந்த வாரம் பாய்க்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

ஒரு நாள் வைகையில் வெள்ளம். சமயநல்லூர்க் கருப்பன் ஆற்றை நீந்திக் கடந்து, ஆலைச் சங்கு ஊதிய பிறகு ஈரத்தோடு வந்து நின்றான். துரை மேசையில் ஓங்கிக் குத்திச் சீறினார். பாயும் குத்தினார்.

"நாயே, வெளிய போ! இனி உனக்கு வேலை இல்ல!"

கருப்பன் முகம் சுண்டிவிட்டது. "என்ன பாய், நாய்ங்கிறீக?"

"நான் எங்க சொன்னேன்? துரை சொல்றாரு. பதில் இருந்தா குடு மாப்ள, சேதாரமில்லாமக் கொண்டுபோய்ச் சேக்குறேன்."

கருப்பன் இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டான். துரை முன்னால் யாரும் செய்யாத காரியம். "அம்புட்டுத் தண்ணியில நீந்தி வந்திருக்கேன். என்னைய நாய்னு சொல்ல இந்தாளு யாரு?" என்று அவனும் மேசையில் ஒரு குத்து விட்டான்.

பாய் தன் துண்டையும் தோளில் போட்டுக்கொண்டார். எல்லாவற்றையும் அப்படியே இங்கிலீஷாக்கி, துரையின் மூக்குக்கு நேரே மேசையில் குத்தினார். மைக்கூடு கவிழ்ந்தது.

மன்னிப்புக் கேள், இல்லையென்றால் நீயும் வெளியே போ என்றார் துரை. உங்கள் குத்துக்குக் கருப்பனிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை, அவன் குத்துக்கு உங்களிடம் ஏன் கேட்க வேண்டும் என்றார் பாய். பிறகு வாசலுக்குப் போய், துரையின் குரலிலேயே தமிழில் அறிவித்தார்:

"கருப்பனுக்கும் எதிரொலி பாய்க்கும் இன்னியோட வேலை இல்ல!"

மெஷின்கள் நின்றன. ஆட்கள் முற்றத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். துரை தொண்டை கிழிய இங்கிலீஷில் கத்தினார். ஒருவரும் அசையவில்லை.

"துரை என்ன சொல்றாரு பாய்?" என்று கேட்டார்கள்.

"எனக்கென்ன தெரியும்? நாந்தான் வேலையில இல்லையே!"

வேறு வழியில்லாமல் துரை இறங்கி வந்தார். இருவருக்கும் வேலை உண்டு என்றார். முதலில் அந்த 'நாயே' என்ற சொல்லைத் திரும்பப் பெறுங்கள், அப்புறம்தான் வாய் திறப்பேன் என்றார் பாய். துரை தரையைப் பார்த்து 'சாரி' என்று முனகினார். பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது.

பாய் நெஞ்சை நிமிர்த்தி, காளவாசல்வரை கேட்கும்படி முழங்கினார்: "கருப்பா! துரை உன்கிட்ட மன்னிப்புக் கேக்குறாரு!"

துரையின் குரலுக்கு மேல் ஒரு இழை கூட்டாத மனிதர் அன்றைக்கு மட்டும் கூட்டினார். அந்த ஒரு கள்ளத்தனத்துக்காகவே, இன்றைக்கும் பாய் என்றால் எனக்கு உயிர்.