அபராத டப்பாவின் அருமை பெருமைகள்

அன்பும் பண்பும் அறிவுரையும் ஒருங்கே நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்கள் குடும்பத்தோடு நலமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தாங்கள் போடும் கணக்கு என்றைக்குத் தப்பியிருக்கிறது? நாங்களும் இங்கே தாங்கள் வகுத்துக் கொடுத்த அளவுக்கு நலம். அதற்கு மேல் நலமாக இருந்தால் செலவாகும் என்பதால் அளவோடு நிறுத்திக்கொண்டோம்.

தாங்கள் சென்ற மாதம் எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கி எங்களைச் சீர்திருத்திவிட்டுப் போனதற்கு இன்னும் முறையாக நன்றி சொல்லவில்லை. அந்தக் குறை இந்தக் கடிதத்தோடு தீரட்டும். தங்களுக்கு நினைவிருக்கும், அன்று தங்கள் தங்கை தயங்கித் தயங்கித்தான் பேச்சை எடுத்தாள். பிள்ளைக்குக் கரும்பலகையில் எழுதுவது கண்ணுக்குத் தெரியவில்லை, பள்ளியில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள், கண்ணாடி போட வேண்டுமாம், என்று அவள் சொல்லி "அண்ணா" என்று அடுத்த வார்த்தையை ஆரம்பிப்பதற்குள் தாங்கள் கையை உயர்த்தி நிறுத்திவிட்டீர்கள். என்ன வேகம்! கடன் என்ற சொல் வாயை விட்டு வெளியே வருவதற்கு முன்பே அதை மோப்பம் பிடிக்கும் திறமை நிதி நிறுவனத்தில் கணக்குப் பார்ப்பவர்களுக்குத்தான் வரும். "மாப்பிள்ள, உங்களுக்கு வருமானம் பத்தாம இல்ல. ஒழுக்கம்தான் பத்தல" என்று சொல்லிவிட்டு, என் மகளின் நோட்டிலிருந்தே ஒரு தாளைக் கிழித்து, அவள் பேனாவையே வாங்கி, அபராத அட்டவணை எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினீர்கள். நாங்கள் கேட்க நினைத்தது கண்ணாடி, கிடைத்தது சட்டம்.

சட்டம் என்னவோ எளிமையானதுதான். ஆளில்லாத இடத்தில் விளக்கு எரிந்தால் அபராதம். இரண்டாவது டம்ளர் டீக்கு அபராதம். குழாயைச் சரியாக மூடாவிட்டால், தட்டில் சோறு மிச்சம் வைத்தால், நடக்கக்கூடிய தூரத்துக்குப் பஸ் ஏறினால், எல்லாவற்றுக்கும் அபராதம். வசூலாகும் காசு மூடியில் கீறல் போட்ட பழைய பால்பவுடர் டப்பாவில் விழ வேண்டும், டப்பா நிறைந்ததும் பிள்ளைக்குக் கண்ணாடி. தாங்கள் தங்கியிருந்த இரண்டு நாளும் எங்கள் மின்விசிறி ஒரு நொடி ஓய்வெடுக்கவில்லை, டீ எத்தனை டம்ளர் உள்ளே போனது என்று அடுப்புக்கே தெரியாது. ஆனால் சட்டம் தாங்கள் பஸ் ஏறிய பிறகுதான் அமலுக்கு வந்தது. சட்டம் எழுதுகிறவர்களுக்கு அந்தச் சலுகைகூட இல்லாவிட்டால் எப்படி?

என் சம்பளம் என்னவென்று தங்களுக்குத் தெரியும். நான் பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறவன். சம்பளம் வந்த அன்றைக்கே வாடகை, அரிசி, கேஸ், கரண்ட், பள்ளிக்கூடம் என்று ஆளாளுக்குப் பிய்த்துக்கொண்டு போக, மிஞ்சுவதைச் சொந்தச் செலவு என்று மூன்றாகப் பிரித்துக்கொள்வோம். என் பங்கு டீயும் பஸ்ஸும். தங்கள் தங்கையின் பங்கு போன் ரீசார்ஜ். மகளின் பங்கு பிஸ்கட். அபராதம் இந்தப் பங்கிலிருந்துதான் கட்ட வேண்டும் என்று தாங்கள் கறாராகச் சொல்லியிருந்தபடியால், முதல் வாரமே என் பஸ் காசு முழுவதும் டப்பாவுக்குள் போய்விட்டது. தங்கள் தங்கை நீதிபதி, மகள் சாட்சி. கண் தெரியாத சாட்சி! குளியலறை விளக்கை நான் அணைத்துவிட்டுத்தான் வந்தேன் என்று தலையில் அடித்துச் சொல்கிறேன், இவள் "அங்க ஏதோ வெள்ளையா தெரிஞ்சுது, பல்பா டவலான்னு தெரியலம்மா" என்கிறாள். சந்தேகத்தின் பலன் டப்பாவுக்கு என்று தீர்ப்பாகிவிட்டது. துண்டு தொங்கியதற்கு அபராதம் கட்டிய குடும்பத் தலைவன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பஸ் காசு போனதால் நடந்து வேலைக்குப் போனேன். நடந்ததால் தாமதம். தாமதத்தால் எங்கள் மேற்பார்வையாளர், நாங்கள் எல்லோரும் 'விசில்' என்று அழைக்கும் மகான், அரைநாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார். ஆக அங்கேயும் அபராதம்தான், என்ன, அந்த டப்பா அவர்களுடையது. ஏன் தாமதம் என்று கேட்டார், தங்கள் திட்டத்தை விளக்கினேன். மனிதர் அசந்துபோய்விட்டார். "யாருய்யா அந்த ஆளு? நம்ம கம்பெனிக்குள்ள இருக்க வேண்டிய மூள" என்று தங்கள் விலாசம் கேட்டார். மறுநாளிலிருந்து சலவைக்கூடத்தில் விரிப்பின் ஓரம் கோணினால் அபராதம். என்னோடு வேலை செய்கிறவர்கள் தங்களை எந்நேரமும் நினைத்துக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதையெல்லாம் கடிதத்தில் எழுத முடியாது.

இரண்டாவது வாரம்தான் திட்டத்தின் உண்மையான அழகு தெரிந்தது. சூடுபட்ட பூனைகளாகிவிட்டோம். விளக்கை அணைத்துவிட்டு இரண்டாம் முறை தடவிப் பார்க்கிறோம், தட்டை வழித்துத் துடைக்கிறோம், குழாயைத் திருகுகிற திருகில் குழாயே கழன்று வரும் போலிருக்கிறது. ஒரு குற்றமும் இல்லை. ஆகவே டப்பாவில் ஒரு காசும் விழவில்லை. மிச்சமான காசை அப்படியே டப்பாவில் போட்டுவிடலாமே என்று நான் சொன்னேன். தங்கள் தங்கை ஒப்புக்கொள்ளவில்லை. "அண்ணன் அப்படி எழுதலியே. அபராதம் மட்டும்தான் இதுல போடணும். சொந்தச் செலவுக் காசு சொந்தச் செலவுக்குத்தான்" என்றாள். தங்கள் ரத்தம் அல்லவா, எழுதியது எழுதியதுதான். டப்பாவை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள், முகம் வாடிவிட்டது. "என்னங்க, இப்படி எல்லாரும் ஒழுக்கமா இருந்தா புள்ளைக்கு எப்போ கண்ணாடி வாங்குறது?" என்று கேட்டாள். மச்சான், பதினைந்து நாளில் ஒரு குடும்பத்தை இந்தக் கேள்வி கேட்க வைத்த பெருமை தங்களையே சேரும்.

அன்றிலிருந்து குற்றங்களைத் திட்டமிட்டுச் செய்ய ஆரம்பித்தோம். தங்கள் தங்கையே இரண்டாவது டம்ளர் டீயை ஆற்றிக் கொண்டுவந்து, "குடிங்க, புள்ளைக்காகக் குடிங்க" என்று என் கையில் திணித்து, நான் குடித்து முடித்ததும் அபராதம் கேட்டாள். மகள் தன் முறை வரவில்லை என்று அழுது, குழாயைத் திறந்துவிட்டுப் பிஸ்கட் காசைக் கட்டினாள். குளியலறை விளக்குக்குப் பகலிலும் வேலை. மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் இறங்கி வரும்போது எட்டிப் பார்த்து, "என்ன சார், பட்டப்பகல்ல லைட் ஜெகஜ்ஜோதியா எரியுது? சம்பளம் ஏறிடுச்சா?" என்று கேட்டார். "இல்லீங்க, பாப்பாவுக்குக் கண்ணாடி வாங்கக் காசு சேக்கிறோம்" என்று உள்ளதைச் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார், சிரித்தார், மாடி ஏறினார். மறுநாள் காலை வாடகையை உயர்த்திவிட்டார். அந்த வாரமே கரண்ட் பில்லும் வந்தது. டீத்தூளும் சர்க்கரையும் மாதத்தின் பாதியிலேயே கையை விரித்துவிட்டன. எல்லாவற்றுக்கும் சேர்த்து டப்பாவைத்தான் கவிழ்த்தோம். அடியில் மிஞ்சியது பழைய பால்பவுடர்.

இவ்வளவையும் நான் சிரித்துக்கொண்டே தாங்கிக்கொள்வேன். நேற்று நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போனபோது வகுப்பறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிள்ளைகள் எல்லாம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், இவள் மட்டும் கரும்பலகைக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, கழுத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டு எழுதுகிறாள். சாக்பீஸ் தூள் தலையெல்லாம். வரும் வழியில் "கழுத்து வலிக்குதாம்மா?" என்று கேட்டேன். "இல்லப்பா. இப்ப எனக்குச் சத்தத்துலயே தெரியும். சார் எழுதுற சத்தத்த வெச்சே அது மூணா எட்டான்னு சொல்லிடுவேன். கண்ணாடிக்கு அவசரமே இல்ல" என்றாள். எனக்கு நடுத்தெருவில் அழுகை வந்துவிட்டது, மச்சான். பெற்ற பிள்ளையின் கண்ணுக்கு ஒரு கண்ணாடி வாங்கித் தர வக்கில்லாதவனாக இருக்கிறேனே என்று வெட்கத்தில் கூசிப்போனேன். தெருவில் நின்று அழுவதற்குத் தாங்கள் அபராதம் குறிப்பிடவில்லை. விட்டுப்போயிருக்கிறது போலும், சேர்த்துக்கொள்ளவும்.

ஆகையால் இதன் மூலம் தெரிவிப்பது என்னவென்றால், அட்டவணையைக் கிழித்தெறியவும் டப்பாவைப் பழைய சாமான்காரனுக்குப் போடவும் முடிவு செய்துவிட்டேன். தாங்கள் ஒரு கஞ்ச மகாப்பிரபு. அடுத்தவன் வீட்டு டீயைக் குடித்துக்கொண்டே அவனுக்குச் சிக்கனம் சொல்லித்தரும் அல்பம். கேட்காத அறிவுரையை அள்ளித் தெளிப்பதும் கேட்கப்போகும் உதவிக்குக் கதவைச் சாத்துவதும் தங்களுக்குக் கைவந்த கலை. கல்நெஞ்சர், கணக்குப் பூச்சி, வாய்ச்சொல் வள்ளல். இனிமேல் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதாக இருந்தால் தங்களுக்கு வேண்டிய டீத்தூள், சர்க்கரை, பால், மின்விசிறி ஆகியவற்றைக் கையோடு கொண்டுவரவும். வராமலே இருந்தால் இன்னும் விசேஷம்.

தங்கள் மனைவியாருக்கு என் வணக்கங்களும் ஆழ்ந்த அனுதாபங்களும். குழந்தைகள் தங்களைப் போல் வளராமல் நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
அன்பு குறையாத (இருப்பு குறைவு என்பதால்) தங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு (மேலே உள்ளதை எழுதிச் சில வாரங்கள் கழித்து): இந்தக் கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லித் தங்கள் தங்கையிடம் கொடுத்தேன், அதுதான் நான் செய்த தப்பு. நின்றபடி ஒருமுறை படித்தாள். பிறகு உட்கார்ந்து, பென்சிலை எடுத்து வைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தாள். "எங்கண்ணனத் திட்டுன ஒவ்வொரு வார்த்தைக்கும் அபராதம்" என்றாள். சட்டத்தைத்தான் ரத்து செய்துவிட்டேனே, அதே கடிதத்தில் எழுதியிருக்கிறேனே என்று வாதாடினேன். "லெட்டர் இன்னும் போஸ்ட் ஆகலீங்க. அதுவரைக்கும் சட்டம் சட்டம்தான்" என்று சொல்லிவிட்டாள். 'கணக்குப் பூச்சி'க்கு மட்டும் இரட்டை அபராதம். கட்ட வழியில்லாமல் லீவு நாட்களிலெல்லாம் போய் விரிப்பு மடித்தேன். அப்படியும் குறைந்தது. அப்போது அவள் தன் போன் காசைக் கொண்டுவந்து டப்பாவில் போட்டு, "இதுல பாதி நான் மனசுல நெனச்சதுதான், அதுக்கு நான் கட்டுறேன்" என்றாள். நேற்று மாலை கண்ணாடி வாங்கிவிட்டோம். கடையிலிருந்து வீடு வரைக்கும் மகள் ஒரு போர்டு விடாமல் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள், பூட்டிக் கிடந்த கடைகளின் போர்டைக்கூட விடவில்லை.

எனவே மேலே எழுதியது எதையும் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். தங்கள் திட்டம் போல் ஒரு திட்டம் உண்டா? அவசியம் வரவும், எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கவும், வாயார அறிவுரை சொல்லவும். இன்னொரு விஷயம், கண்ணாடிக் கடையில் சும்மா இருக்கிறேனே என்று என் கண்ணையும் பார்த்தார்கள், எனக்கும் கண்ணாடி வேண்டுமாம். ஆகையால் கூச்சப்படாமல் என்னைத் திட்டி உடனே பதில் போடவும். தங்கள் தங்கை நடுநிலை தவறாதவள், புருஷனைத் திட்டினாலும் அதே அபராதம்தான் என்று சொல்லிவிட்டாள், அண்ணன் என்றும் பார்க்கமாட்டாளாம். கண்ணாடியின் விலைச்சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். அதற்குத் தகுந்தபடி திட்டவும்.