மருமகன் முகத்தைப் பார்க்காமல் விட்ட விவரம்

பாறசாலை,
திங்கள்கிழமை.

மதிப்புக்குரிய அக்காவுக்கு, தம்பி ஜெயதாஸ் பணிவோடு எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே என் சர்க்கரை தவிர எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது. அத்தானுக்கு முட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மகள் ஷாலுவைப் பெண் பார்க்க வேண்டிய நாளில் நான் வேறு யாரையோ வீட்டுக்குக் கூட்டிவந்தேன் என்று நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். ஆனால் தவறு என்னுடையதல்ல, என் வயிற்றினுடையது.

போன ஓணத்துக்கு பேண்ட் தைக்கக் கொடுத்தபோது, தையல்காரர் என் இடுப்பை இரண்டு முறை அளந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார். ஏதாவது சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். அன்று முதல் எந்த ஆணைக் கண்டாலும் என் கண் நேராக வயிற்றுக்குத்தான் போகிறது. ஆலயத்தில் பிரசங்கம் நடக்கும்போது பாடகர் குழுவில் யாருக்கெல்லாம் தொப்பை இல்லை என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த நிலையில்தான் மாப்பிள்ளை பார்க்கச் செங்கல் ஊருக்குப் போய், பையன் ஜித்தினோடு இரண்டு மணி நேரம் பேசினேன். தங்கமான பையன். திரும்பி வந்ததும் என் வீட்டுக்காரி விமலகுமாரி மீசை உண்டா, நிறம் என்ன என்று கேட்டாள். வயிறு பலகை மாதிரி இருந்தது என்பதற்கு மேல் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அவனுக்கு வேலை எர்ணாகுளத்தில். சனிக்கிழமை ரயிலில் வந்து ஷாலுவோடு பேசுவதாக ஏற்பாடு. தலையில் ஹெல்மெட்டோடு ஸ்டேஷன் வாசலில் நின்றேன். வயிறே இல்லாத ஒருவன் வந்தான். போகலாமா என்றேன், பைக்கில் ஏறிக்கொண்டான். வீட்டில் இரண்டு தட்டு முறுக்கு தின்றபிறகு கீபோர்டு எங்கே என்று கேட்டான். பெண் வாசிப்பாளா என்று கேட்கிறான் என நினைத்து, வாசிக்காது, நல்லாப் பாடும் என்றாள் விமலகுமாரி. பிறகுதான் தெரிந்தது, அவன் பினு, ஆலயத்துக் கீபோர்டைச் சரிசெய்ய வந்தவன்; என்னை ஆலயத்திலிருந்து அனுப்பிய ஆள் என்று நினைத்து ஏறியிருக்கிறான்.

அந்த நேரத்தில் நிஜ ஜித்தின் வழி கேட்டுக் கேட்டு ஆட்டோவில் வந்து இறங்கினான். சம்பந்தம் போயிற்று என்றே நினைத்தேன். அவனோ முன்மண்டையைத் தடவிக்கொண்டு என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "மாமா, எனக்கு முடி கொட்டுது. அண்ணைக்கு உங்களுக்க முடியை மட்டும்தான் பாத்தோண்டு இருந்தேன். இண்ணைக்கு நீங்க ஹெல்மெட்டு போட்டிருந்திய, பொறவு எப்பிடி ஆளு தெரியும்?"

ஷாலுவின் தெற்றுப்பல் உங்களுக்குத் தெரியும். அதை மறைக்க அவள் கை எப்போதும் வாயில்தான் இருக்கும். அவள் சொன்னாள்: "எனக்கு முடி ஒண்ணும் கண்ணுல படல்ல. பல்லு நல்ல வரிசையாட்டு உண்டு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். கை வாய்க்குப் போகவே இல்லை, அக்கா. ஜித்தினும் அவள் முகத்தையே பார்த்தான்.

இப்போது நான் பூரணமாகக் குணமாகிவிட்டேன். நேற்று விமலகுமாரி வீட்டில் இல்லாத நேரம் ஜித்தினின் அப்பா வந்தபோது கண்ணுக்குக் கண் பார்த்தே எல்லாம் பேசி முடித்தேன். தை மாதம் கல்யாணம். அத்தானோடு ஒரு வாரம் முன்பே வந்துவிட வேண்டும். உங்கள் ஜெபத்தில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தம்பி,
ஜெயதாஸ்

பி.கு.: சம்பந்தி கண்ணாடி போட்டவரா என்று விமலகுமாரி இப்போது கேட்கிறாள். நீங்கள் அவரை எங்கேயாவது பார்த்திருந்தால் உடனே எழுதவும். இடுப்பு முப்பத்தாறுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை.