வெள்ளிக்கிழமை எட்டரை மணிச் சிரிப்பு

டெஸ்மண்ட் கிரிம்ஷாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்து வீட்டில் வந்துவிட்டது.

"கேட்டியா?" என்று அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். "மறுபடியும் சிரிக்கிறாங்க."

அவர் மனைவி மியூரியல் பின்னல் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். வெள்ளிக்கிழமைதானே."

"எதுக்குச் சிரிக்கணும்? ஒருத்தன் குப்பைத் தொட்டியப் பார்த்தான். அப்புறம் கேமராவப் பார்த்தான். பெருமூச்சு விட்டான். இதுல ஜோக் எங்க இருக்கு? பெருமூச்சு பார்க்கணும்னா நான் உங்க அக்கா வீட்டுக்குப் போக மாட்டேனா?"

சுவருக்கு அந்தப் பக்கம் ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் வெடித்துச் சிரித்தார்கள். யாரோ மேசையைத் தட்டும் சத்தம்கூடக் கேட்டது.

இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி ஊரில் அந்தத் தெரு முழுக்க ஜோடி வீடுகள். இரண்டு குடும்பத்துக்கு நடுவில் ஒரே செங்கல் சுவர். அந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் இந்தப் பக்கத்துக்காரர்கள் குனிந்து தேடுவார்கள். வலது பக்கத்து வீட்டில் லென் டிரான்டரும் அவர் மனைவி ஜோஸியும் குடியிருந்தார்கள்.

டெஸ்மண்ட் முப்பத்துநாலு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓய்வு பெற்ற அன்று சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சந்தேகத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார். பால்காரரிலிருந்து பாதிரியார் வரைக்கும் அவர் ஒருவரையும் முழுசாக நம்பியதில்லை.

அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, சிரிப்பு வந்த நேரத்தையெல்லாம் குறிக்கத் தொடங்கினார். எட்டு நாற்பதுக்குள் பதினோரு சிரிப்பு. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள தொலைக்காட்சியின் சத்தத்தை இன்னும் குறைத்தார். இப்போது நடிகர்கள் பேசுவது அவருக்கே கேட்கவில்லை.

"அவன் என்ன சொன்னான்?"

"கண்ணாடி பாட்டில் பச்சைத் தொட்டியில போடணுமாம்," என்றாள் மியூரியல்.

"இது ஜோக்கா?"

"இல்ல. நகராட்சி விதி."

அந்தப் பக்கம் சிரிப்பு சுவரை ஆட்டியது. டெஸ்மண்ட் சமையலறைக்கு ஓடி ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து வந்தார். ஸ்டூல் மேல் ஏறி, டம்ளரைச் சுவரில் வைத்து அதில் காதை வைத்தார். ஸ்டூலின் ஒரு கால் கம்பளத்துக்கு வெளியே நின்றது. அவரும் டம்ளரும் மியூரியலின் கம்பளி நூல்கூடையும் ஒன்றாகத் தரைக்கு வந்தார்கள்.

"அடிபட்டுச்சா?"

"இடுப்புல!"

"டம்ளருக்குக் கேட்டேன். அது அம்மா குடுத்தது."

அன்றைக்கு அந்தப் பக்கம் கைதட்டலும் சேர்ந்து வந்தது.

திங்கட்கிழமை காலை தொலைபேசி மணி அடித்தது. உள்ளூர் வாரப் பத்திரிகையின் ஆசிரியர் வினிஃப்ரெட் போல்டன். அந்தப் பத்திரிகையில் டெஸ்மண்ட் ஆறு வருடமாகத் தொலைக்காட்சி விமர்சனம் எழுதிவந்தார். ஆறு வருடமும் ஒரே கருத்துதான்: பிரிட்டனில் நகைச்சுவைத் தொடர் செத்துவிட்டது, இன்னும் அடக்கம் செய்யாததுதான் பாக்கி. கடைத்தெருவில் நாலு பேர் அவரை நிறுத்தி வாதாடினார்கள் என்றால் அந்தப் பத்தியால்தான். அது போய்விட்டால் தன்னை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். அந்தப் பயம் அவருக்குள் எப்போதும் இருந்தது.

"மிஸ்டர் கிரிம்ஷா, கடிதம் குவியுது," என்றார் வினிஃப்ரெட். "பாதிப் பேர் இப்ப வர்ற தொடரெல்லாம் அருமைங்கறாங்க. சத்தமில்லாம, நிஜமா, நம்ம வீட்ல நடக்கற மாதிரி இருக்காம். மீதிப் பேர் உங்க கட்சி."

"அனுபவசாலிங்க."

"எல்லாரும் எழுபதுக்கு மேல. இருக்கட்டும். உங்க பக்கத்து வீட்டு ஜோஸி டிரான்டர் ஒண்ணு எழுதியிருக்காங்க பாருங்க, படிச்சுட்டு ஆபீஸே சிரிக்குது. அடுத்த மாசத்திலேருந்து உங்க பத்தியை அவங்ககிட்டக் குடுக்கலாமான்னு யோசிக்கிறேன்."

டெஸ்மண்டுக்கு இடுப்பு வலி மறந்துபோயிற்று. "படிங்க," என்றார்.

வினிஃப்ரெட் படித்தார்: "இன்றைய நகைச்சுவை செத்துவிட்டது என்பவர்கள் வெள்ளிக்கிழமை எட்டரை மணிக்கு எங்கள் வீட்டுக்கு வரட்டும். நண்பர்கள் பிஸ்கட் டப்பாவோடு ஏழரைக்கே இடம் பிடிக்கிறார்கள். அந்தக் கணவன் வாயைத் திறந்தாலே எங்களுக்கு வயிறு வலிக்கிறது. மனைவி பேசுவது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்திலேயே ஆளைக் கவிழ்த்துவிடுகிறாள். இவ்வளவு நன்றாக எழுத இப்போதும் ஆள் இருக்கிறார்களே என்று வியக்கிறேன்."

"நிறுத்துங்க!" டெஸ்மண்டின் குரலில் பழைய ரயில் பெட்டி அதிகாரம் வந்துவிட்டது. "வெள்ளிக்கிழமை எட்டரைக்கு வர்றது 'மூன்றாம் நம்பர் தொட்டி'. அதுல வர்ற ஆளு பிரம்மச்சாரி. குப்பைக் கிடங்குல வேலை. கணவன் எங்கேருந்து வந்தான்? மனைவி எங்கேருந்து வந்தா?"

வினிஃப்ரெட் கொஞ்சம் யோசித்தார். "அட, ஆமா."

"பார்க்காமயே எழுதியிருக்காங்க! இல்ல, வேற எதையோ பார்த்துட்டு மறைக்கிறாங்க. என் பத்தியைப் பிடுங்கறதுக்குப் போட்ட திட்டம் இது."

"அப்ப ஆதாரம் குடுங்க. குடுத்தா பத்தி உங்களுக்கு. இல்லன்னா ஜோஸிக்கு."

அன்று மதியமே டெஸ்மண்ட் வேலி ஓரமாகப் போய் நின்றார். லென் டிரான்டர் குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

"லென், உங்க வீட்ல என்ன டிவி?"

லென்னின் முகம் காது வரைக்கும் சிவந்தது. "டிவியா? அது... நான் போய் ரோஜாச் செடியைப் பார்க்கணும் டெஸ்மண்ட்."

"பிப்ரவரிக் குளிர்லயா?"

"அதான், இன்னும் வரலையேன்னு பார்க்கப் போறேன்," என்று சொல்லிவிட்டு லென் தொட்டியை நடுவழியிலேயே விட்டுவிட்டு உள்ளே ஓடிவிட்டார்.

டெஸ்மண்ட் அவர்கள் வீட்டுக் கூரையைப் பார்த்தார். ஆன்டெனா இல்லை. டிஷ் கிண்ணமும் இல்லை. கூரையில் ஒரு கடற்பறவை மட்டும் உட்கார்ந்து அவரைப் பார்த்தது. அதையும் அவர் சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

"எல்லாம் புரிஞ்சுபோச்சு," என்று உள்ளே வந்து மியூரியலிடம் சொன்னார். "இவங்க சிரிப்பு எப்பவும் ஜோக் முடிஞ்சு நாலஞ்சு விநாடி கழிச்சுத்தான் வருது. நான் குறிச்சு வெச்சிருக்கேன். அப்படின்னா திருட்டு இணைப்பு, அதான் தாமதம். கூரையில ஒண்ணும் இல்ல. டிவின்னு கேட்டா மூஞ்சி சிவக்குது. மியூரியல், டிவி பார்க்க வருஷா வருஷம் பணம் கட்டி வாங்கற லைசென்ஸ் அவங்ககிட்ட இல்ல!"

"அந்த நாலஞ்சு விநாடியில நீதானே ஏதாவது கத்திட்டிருப்ப?"

"அதனாலதான் அவங்க சிரிக்கிறது சரியாக் கேக்க மாட்டேங்குது. பேச்சை மாத்தாத."

"பக்கத்து வீட்டுக்காரங்களைக் காட்டிக்குடுக்கப் போறியா? நீ படுத்திருந்தப்ப ஜோஸிதான் உனக்கு சூப் கொண்டுவந்தா."

"அப்பவே நினைச்சேன், எதுக்குக் குடுக்கறாங்கன்னு."

அவர் தொலைக்காட்சி உரிம அலுவலகத்துக்கு நான்கு பக்கம் எழுதினார். நோட்டுப் புத்தகத்தின் நகலையும் வைத்தார். இரண்டு வாரம் கழித்து, வெள்ளிக்கிழமை மாலை எட்டேகாலுக்கு, மழைக்கோட்டு போட்ட ஒல்லியான அதிகாரி ஒருவர் வந்து கதவைத் தட்டினார். டெஸ்மண்ட் ஏற்கெனவே வினிஃப்ரெட்டை வரவழைத்து, டீ கொடுத்து, சோபாவில் உட்கார வைத்திருந்தார்.

"கையும் களவுமாப் பிடிங்க," என்று டெஸ்மண்ட் அதிகாரியின் தோளைத் தட்டினார். "சமையலறை அலமாரியப் பாருங்க. கழிப்பறையில கண்டிப்பாப் பாருங்க. டிக்கெட் இல்லாதவங்க எல்லாரும் அங்கதான் ஒளிவாங்க."

"அவங்க உள்ள விட்டாத்தான் சார் பார்க்க முடியும்," என்று அதிகாரி கிளம்பினார். பக்கத்து வீட்டுக் கதவு உடனே திறந்தது. ஜோஸியின் குரல் சந்தோஷமாக அவரை வரவேற்றது.

எட்டரைக்குத் தொடர் தொடங்கியது. குப்பைக் கிடங்கு ஆள் கேமராவைப் பார்த்தான்.

"பாருங்க, பாருங்க வினிஃப்ரெட்!" டெஸ்மண்ட் எழுந்தே விட்டார். "இவன் என்னை ஏன் பார்க்கிறான்? நானா வசனம் எழுதிக் குடுக்கணும்? ஒருத்தன் வழுக்கி விழுந்து எத்தனை வருஷம் ஆச்சு இந்த நாட்ல?"

"போன மாசம் நீ விழுந்தியே," என்றாள் மியூரியல்.

சுவர் அதிர்ந்தது. டெஸ்மண்ட் காதைத் தீட்டினார். வழக்கமான ஏழு குரல்களோடு இன்றைக்குப் புதிதாக ஒரு குரல், மூச்சு வாங்கி வாங்கிச் சிரித்தது.

"ஐயோ, அதிகாரியையும் வளைச்சுட்டாங்க! பிஸ்கட் குடுத்திருப்பாங்க. அரசாங்க ஊழியன் ஒரு பிஸ்கட்டுக்கு விலை போயிட்டானே!"

"என்ன பிஸ்கட்டோ பாவம்," என்றாள் மியூரியல்.

புதுக்குரல் அலறியது. வினிஃப்ரெட் டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். பிறகு டெஸ்மண்டைப் பார்த்தார். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டார்.

"என்ன, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

வினிஃப்ரெட்டின் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

தொடர் முடிந்து ஐந்து நிமிடம் கழித்து வாசல் மணி அடித்தது. டெஸ்மண்ட் பாய்ந்து போய்க் கதவைத் திறந்தார். அதிகாரி நின்றிருந்தார். கண் சிவந்து, கன்னம் நனைந்திருந்தது. வெளியே மழை இல்லை.

"எங்க ஒளிச்சு வெச்சிருக்காங்க?" என்றார் டெஸ்மண்ட்.

"அந்த வீட்ல டிவியே இல்ல சார், எட்டு நாற்காலி, எட்டும் உங்க சுவத்தைப் பார்த்துப் போட்டிருக்கு, அடுத்த வெள்ளிக்கிழமைக்கு என் சம்சாரத்துக்கும் ஒண்ணு சொல்லி வெச்சுட்டேன்."